மூன்று வாரம் ஜிம் போயும் எடை கூடியது ஏன்?

வாரத்துக்கு ஆறு நாள் ஜிம் போயும் மூன்று வாரத்தில் ஒரு கிலோ கூடிவிட்டது, வெயிட் தூக்குவதை விட்டுவிட்டு டிரெட்மில்லில் மட்டும் ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான். புதிதாகப் பளு தூக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகும்; அதைச் சரிசெய்ய உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். தசையில் சேரும் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு நீரைச் சேர்த்துக்கொள்ளும். எடை மெஷினுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வயிற்றுச் சுற்றளவை அளந்து குறித்து வையுங்கள்.

ஆறு நாள் ஆரம்பத்துக்கு அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று நாள் போதும். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ் அப், ரோயிங் (பளுவை உடம்பை நோக்கி இழுப்பது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குவது). ஒவ்வொன்றிலும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை திணற வேண்டும், முதுகு மட்டும் வளையக்கூடாது. பன்னிரண்டும் சுலபமாக வந்தால் அடுத்த தடவை ஜிம் போகும்போது பளுவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். (பக்கத்து ஆளைப் பார்த்துப் பளுவை ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன், நான்கு நாள் படி இறங்க முடியவில்லை.)

அப்புறம் சாப்பாடு. கொழுப்பு குறைவது முக்கியமாக அங்கேதான். கலோரியைக் கொஞ்சம்போல் குறையுங்கள், வாரம் அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். புரதம் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.