கணினிக் கேள்வி பதில்: நோட்பேடில் திருத்தியதும் திறக்க மறுக்கும் கோப்பு

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தின் மூட்டைக் கணக்குக்காக பிஎச்பி என்ற நிரல் மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மூட்டையும் ஓர் ஆப்ஜெக்ட் (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த அலகு). எல்லாவற்றையும் சீரியலைஸ் செய்து, அதாவது சேமிக்கத்தக்க எழுத்து வரிசையாக மாற்றி, டெக்ஸ்ட் கோப்பில் சேமிக்கிறேன். ஒரு மூட்டையில் தவறாகப் பதிந்திருந்த ‘காபி’ என்பதை நோட்பேடில் ‘மிளகு’ என்று திருத்தினேன். அதன்பின், அதைத் திரும்ப ஆப்ஜெக்டாக்கும் அன்சீரியலைஸ், தோல்வி என்று பொருள்படும் ‘ஃபால்ஸ்’ என்றே தருகிறது. இது எழுத்துருச் சிக்கலா?
– வாசகர், ஏற்காடு

பதில்: எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீரியலைஸ் எழுதும் கோப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) முன்பும் அது எத்தனை பைட் நீளம் என்ற எண் இருக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும் அதனுடன் சேரும் ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் தனித்தனியே மூன்று பைட் ஆகும் என்பதால், கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் ‘காபி’ 12 பைட்டாகவும், ‘மிளகு’ 15 பைட்டாகவும் பதிவாகின்றன. தாங்கள் சொல்லை மாற்றினீர்கள். முன்னால் இருந்த 12 அப்படியே நின்றுவிட்டது. அன்சீரியலைஸ் 12 பைட் எண்ணிவிட்டு அடுத்து மேற்கோள் குறியை எதிர்பார்க்கிறது. அங்கே ‘கு’வின் உகரக் குறி நிற்பதைக் கண்டதும் முழுக் கோப்பையும் தள்ளிவிடுகிறது.

அந்த 12-ஐ 15 ஆக்கினால் கோப்பு பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பழைய விண்டோஸ் நோட்பேட், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்டைச் சேர்த்துவிடும். அதை நீக்க வேண்டும். மேலும், கிளாஸில் (ஆப்ஜெக்டுக்கான வார்ப்புருவில்) பிரைவேட், அதாவது வெளியிலிருந்து அணுக முடியாதவை, என்று அறிவித்த பண்புகளின் பெயரோடு, கண்ணுக்குத் தெரியாத சுழிய பைட்டுகளும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. சில எடிட்டர்கள் சேமிக்கும்போது அவற்றைச் சிதைத்துவிடும். ஆகவே டெக்ஸ்ட் போலத் தோன்றினாலும், இது மனிதர் கைவைத்துத் திருத்துவதற்கான கோப்பு அன்று.

ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து அவ்வப்போது திருத்தவும் வேண்டிய தோட்டக் கணக்குக்கு, தரவை எளிய எழுத்து வடிவில் எழுதும் ஜேசன் முறைதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதில் நீள எண்ணிக்கையே கிடையாது. தரவை ஜேசனாக மாற்றும் ‘ஜேசன் என்கோட்’ ஃபங்ஷனைத் தனி அமைப்பு எதுவும் தராமல் அழைத்தால் தமிழ் எழுத்துகள் குறியீட்டு எண்களாக மாறிவிடும், பிஎச்பி 5.4 முதல் உள்ள ‘அன்எஸ்கேப்டு யூனிகோட்’ அமைப்பைக் கொடுத்தால் ‘மிளகு’ மிளகாகவே கோப்பில் நிற்கும். பிரைவேட் பண்புகள் தாமாக எழுதப்படமாட்டா என்பதால், எவை கோப்புக்குப் போக வேண்டும் என்பதை ‘ஜேசன் சீரியலைசபிள்’ இன்டர்ஃபேஸ் வழியாக நீங்களே சொல்ல வேண்டும். திரும்பப் படிக்கும்போது கிடைப்பது வெறும் அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) அல்லது பொதுவான ஓர் ஆப்ஜெக்ட்தான், உங்கள் மூட்டை ஆப்ஜெக்ட் அன்று. அதிலிருந்து மூட்டை ஆப்ஜெக்டை உருவாக்க, கிளாஸுக்குள் ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் கிளாஸில் புதிய பண்பு ஒன்றைச் சேர்க்கும்போது, பழைய பதிவுகளுக்கு என்ன மதிப்பு கொடுப்பது என்பதையும் அங்கேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே நேரடியாகப் பழைய கோப்பின் மேல் எழுதாமல், அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதி முடித்தபின், ரீநேம் மூலம் அதற்குப் பழைய பெயரைக் கொடுங்கள். பாதி எழுதப்பட்ட கணக்கு கையில் நிற்கும் அபாயம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: சீரியலைஸ் செய்த ஆப்ஜெக்டை வேறொரு பக்கத்தில் திரும்பப் பெறுகிறேன். மதிப்புகள் வருகின்றன, மெத்தடை (ஆப்ஜெக்டின் செயலை) அழைத்தால் மட்டும் பிழை காட்டுகிறது.
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: கோப்பில் பதிவாவது கிளாஸின் பெயரும் பண்புகளின் மதிப்புகளும் மட்டுமே, மெத்தட்கள் பதிவாவதில்லை. அன்சீரியலைஸை அழைக்கும் வரிக்கு முன்பே அந்த கிளாஸ் உள்ள கோப்பை ரெக்வயர் கட்டளையால் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிறர் அனுப்பும் கோப்பை ஒருபோதும் அன்சீரியலைஸ் செய்யாதீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் ஆப்ஜெக்ட், உங்கள் நிரலிலுள்ள மெத்தட்களையே உங்களுக்கு எதிராக இயக்க முடியும். பிஎச்பி 7 முதல் ‘அலவ்டு கிளாசஸ்’ என்ற அமைப்பில் அனுமதிக்கும் கிளாஸ்களைக் குறிப்பிடலாம் என்றாலும், வெளியார் தரும் தரவுக்கு ஜேசனையே பயன்படுத்துங்கள்.