காதை நம்பாதே, கருவியைப் பார்!

(போர் விமானிகளுக்குப் பயிற்சியளித்து ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: மேகத்துக்குள் நுழைந்தால் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே விமானிக்குத் தெரியாதாமே? கண்ணைக் கட்டிவிட்டாலும் நாற்காலி சாய்ந்தால் நமக்குத் தெரிகிறதே! – கல்லூரி மாணவர்

நாற்காலி சட்டென்று சாயும் தம்பி, அதனால் தெரிகிறது. விமானம் நைசாகச் சாயும். சுழற்சியை நமக்கு உணர்த்துவது உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம். நொடிக்கு 2 டிகிரிக்கும் குறைவான வேகத்தில் திரும்பினால் அதற்கு உறைக்காது. ஒரே சீராக இருபது நொடி திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். நேராகப் போகிறோம் என்றே தோன்றும்.

பயிற்சிக் காலத்தில் நானும் இதில் மாட்டினேன். மேகத்துக்குள் நீண்ட இடது திருப்பம் போட்டுவிட்டு நேராக்கினேன். வலது பக்கம் கவிழ்கிறோம் என்று உடம்பு அலறியது. எதிரே விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியோ சமமாகக் காட்டுகிறது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கை தானாக ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளியது. பின் இருக்கையிலிருந்து இன்ஸ்ட்ரக்டரின் குரல்: "காதாலயா ஓட்டுற?" அப்போதுதான் கவனித்தேன், கழுத்தை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

1954இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெளிக்காட்சி மறைந்ததும் ஒருவர் மிச்சமில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில்!

கேள்வி: 9ஜி என்றால் எப்படி இருக்கும்? – பள்ளி ஆசிரியர்

ஜி என்பது புவியீர்ப்பின் அளவு. 9ஜி என்றால் அதைப்போல ஒன்பது மடங்கு விசை நம்மை அழுத்தும். 70 கிலோ ஆள் 630 கிலோ கனப்பார். ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். முதலில் நிறங்கள் வெளுக்கும், பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோல் குறுகும், அப்புறம் இருட்டு, மயக்கம். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் ஜி-சூட் ஓரளவுதான் உதவும். மீதியை நாம்தான் தொடையையும் வயிற்றையும் முறுக்கி, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று மூச்செடுத்துச் சமாளிக்க வேண்டும். பேசவெல்லாம் முடியாது, முனகலாம்.

கேள்வி: என் மகன் பயிற்சி விமானி. "இன்றைக்கு டிப்ரீஃபில் கிழித்துத் தொங்கவிட்டார்கள்" என்று அடிக்கடி ஃபோனில் சொல்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா? – ஒரு தாய்

வேண்டாம் அம்மா. இறங்கியதும் உட்கார்ந்து, பறந்ததை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் டிப்ரீஃப். ஒரு மணி நேரம் பறந்தால் சில நாள் அதைவிட அதிக நேரம் இது நடக்கும். அங்கே மூத்தவர்களும் தங்கள் தவறைத் தாங்களே சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை இறங்கும் நேரத்தில் சக்கரத்தை இறக்க மறந்துவிட்டேன். விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எச்சரித்த பிறகுதான் இறக்கினேன். டிப்ரீஃபில் அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேறு ஏதாவது?" என்றார். "இல்லை சார்." மறுபடி, "வேறு ஏதாவது?" மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மறந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறைத்ததற்குத்தான் அன்றைய அர்ச்சனை முழுவதும். ஒரு வாரம் என்னைப் பறக்க விடவில்லை.

உங்கள் மகன் வாங்கிய திட்டை வீட்டில் வந்து சொல்கிறான். "இன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை அம்மா" என்று தினமும் சொல்ல ஆரம்பித்தால், அப்போது எனக்கு எழுதுங்கள்.