கேளுங்கள், சொல்கிறேன்: புரதமும் எடைக்குறைப்பும்

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதங்களில் 80 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கினேன். காலையில் பால் கலந்த காபி, மதியம் காய்கறி சாலட், இரவில் பழங்கள், அவ்வளவுதான். இப்போது மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது; எடையும் அசையவில்லை. புரோட்டீன் பவுடர் சாப்பிடு என்கிறாள் தோழி. சிறுநீரகம் போய்விடும் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தொடை நடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம். எடையைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை முதலான கொழுப்பற்ற திசுக்களாக இருக்கக்கூடும். புரதமும் உடற்பயிற்சியும் இல்லாதபோது இழப்பு இன்னும் கூடும். உங்கள் 8 கிலோவில் தசை எவ்வளவு போனது என்று எடை இயந்திரம் சொல்லாது; மாடிப்படி சொல்லிவிட்டது. தசை குறையும்போது ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. எடை ஓரிடத்தில் நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் எழுதியிருக்கும் உணவைக் கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு 20 கிராம் புரதம்கூடத் தேறாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு அது 60 கிராம். எடை குறைக்கும் காலத்தில் 1.2 கிராம், அதாவது நாளுக்கு 86 கிராம் வரை போகலாம் என்பேன்.

இதை ஒரே வேளையில் கொட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் இரண்டு முட்டை (12 கிராம்), ஒரு தம்ளர் பால் (7 கிராம்), ஒரு கைப்பிடி பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு (6 கிராம்) என்றால் 25 கிராம் ஆயிற்று. முட்டை சாப்பிடாதவர்கள் தயிரையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளலாம். வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம் உண்டு. மற்ற இரு வேளைகளையும் இப்படியே அமைத்துக்கொள்ளுங்கள். சாலட்டை விடவேண்டாம், அதோடு புரதத்தையும் சேருங்கள். சீக்கிரம் அடங்காத பசியையும் புரதம் அடக்கும். தவிர, அதிலுள்ள கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்துக்கே செலவாகிவிடும்; மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம்தான்.

ஆனால் புரதம் கொழுப்பை எரிக்கும் மருந்தல்ல. கிராமுக்கு 4 கலோரி அதிலும் உண்டு. தேவைக்கு மேல் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். தசைக்கு வேலையும் தரவேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சிறு எடை தூக்குவது போன்ற பயிற்சிகளைச் செய்யுங்கள்.

பவுடர் அவசியமில்லை. உணவில் கிடைக்காதவர்களுக்கு அது ஒரு வசதி, அவ்வளவே. அண்ணனின் அச்சத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இந்த அளவு புரதத்தால் கேடு வருவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பரிசோதித்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த அளவுக்குப் போங்கள். புரதத்தைக் கூட்டிச் சில வாரங்கள் கடந்தும் நடுக்கம் நிற்காவிட்டால், ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.