டபுள் லென்ஸ் யாஷிகாவும் தையல் மெஷின் எண்ணெயும்

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்தில் மாமா நடத்திவந்த ஸ்டூடியோவை மூடியபோது யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமரா ஒன்று என் கைக்கு வந்தது. தோல் உறை, பழைய ஃப்ளாஷ், அதன் வயர், மஞ்சள் ஃபில்டர், சின்னப் பையில் இரண்டு வட்டக் கண்ணாடிகள் எல்லாம் கூடவே இருக்கின்றன. பத்து வருஷமாக பீரோவில் கிடந்தது. 1 வினாடி, அரை வினாடி வைத்தால் ஷட்டர் இழுத்துக்கொண்டு நிற்கிறது, சில சமயம் மூடுவதே இல்லை. கடையில் கொடுத்த 1.5 வோல்ட் பட்டன் செல் போட்டேன். வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசைகிறது, ஆனால் செல்போன் ஆப் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. கீழ் லென்ஸில் டார்ச் அடித்தால் ஓரத்தில் வெள்ளை நூல் போல ஏதோ தெரிகிறது. ஷட்டரில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். தை மாதம் தங்கை கல்யாணம். இரண்டு ரோலாவது இதில் எடுக்க ஆசை.

பெயர் வேண்டாம்,
குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த எண்ணெய் டப்பாவை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கேமராவில் இருப்பது லென்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் காப்பல் இதழ் ஷட்டர். காகிதத்தைவிட மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் திறந்து மூடுகின்றன. அவை உலர்ந்தே ஓட வேண்டியவை. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிரித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. எண்ணெய் பட்ட இதழ்களுக்கும் அதே கதிதான். விட்ட அன்று ஓடுவது போலத் தோன்றும், அடுத்த மாதம் 1/125 வினாடி வேகம்கூட நொண்டும்.

யாரும் எண்ணெய் விடாமலே அது இதழுக்கு வந்து சேர்வதும் உண்டு, நம் ஊரில் அதிகம். ஃபோகஸ் அமைப்பின் பழைய கிரீஸ் வெயிலில் இளகி, எண்ணெய் மட்டும் பிரிந்து ஊர்ந்து வரும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மூடி நிறுத்திய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே காரில் இந்தக் கேமராவை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் போகாதீர்கள்.

உங்களுக்கு இருப்பது எந்த நோய் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஷட்டர் மூடியிருக்கும்போது பின்கதவைத் திறந்து, லென்ஸின் பின்புறம் வழியாக இதழ்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது. வானவில் பளபளப்போ ஈரத் திட்டோ தெரிந்தால் எண்ணெய். பிறகு கேமராவை ஒரு விளக்குக்கு நேராக வைத்து, பின்னாலிருந்து செல்போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் ஓடவிட்டு ஒவ்வொரு வேகத்தையும் ஐந்து முறை அடியுங்கள். வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1 வினாடிக்கு 240, 1/4க்கு 60, 1/8க்கு 30, 1/15க்கு 16, 1/30க்கு 8, 1/60க்கு 4. அதற்கு மேல் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு வினாடிக்கு 300 ஃபிரேம் வந்தால்கூட மூன்றில் ஒரு ஸ்டாப்தான் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும். 500 வந்தால்தான் ஒரு ஸ்டாப். ஐந்து அடியில் முதல் அடி மட்டும் தாமதித்து, மற்றவை நெருக்கமாக வந்தால் வெறும் தூக்கக் கலக்கம். தினமும் இருபது முப்பது முறை ஓட்டினால் ஓரளவு தெளியும்.

1, 1/2, 1/4 மட்டும் இழுத்து, 1/30, 1/60 சுத்தமாக இருந்தால் குற்றம் இதழில் இல்லை, மெதுவேகப் பல்சக்கரத் தொகுதியின் மசகு காய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது. மெக்கானிக்கல் கேமரா தெரிந்தவர் பிரித்துக் கழுவினால் சரியாகும். முன்லென்ஸைக் கழற்றி லைட்டர் திரவத்தை ஊற்றும் வைத்தியம் வேண்டாம். அது அழுக்கைக் கரைத்து வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான். கழற்றிய முன்லென்ஸைக் கடைசி இழை வரை இறுக்காமல் மாட்டினால் ஃபோகஸும் போய்விடும். ஆனால் கல்யாணத்துக்கு முன் அவசரப்பட்டு இதைப் பிரிக்கவே வேண்டாம். மண்டபத்தில் ஃப்ளாஷோடு உங்களுக்கு வேண்டியது 1/60ம் 1/125ம் மட்டுமே. மெதுவேகத்தை மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு. 1/500 வேண்டுமானால் ஷட்டரை ஏற்றும் முன்பே டயலை அங்கே வைத்துவிடுங்கள். ஏற்றிய பின் டயல் இறுகும், அழுத்தித் திருப்பக் கூடாது. செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பத்து வருஷம் தூங்கிய டைமர் பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும்.

வெள்ளை நூல் பூஞ்சைதான். மூல காரணம் நீங்கள் பெருமையாகக் குறிப்பிட்ட தோல் உறை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதற்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். வெளியே போகும்போது உறையைப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றி வேறு இடத்தில் மாட்டுங்கள். கேமரா ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, ஒரு சின்ன ஈரப்பத மீட்டரோடு இருக்கட்டும். 40 முதல் 50 சதவீதம் போதும். 30க்குக் கீழே போனால் கிரீஸும் மேல்தோலும் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் யோசனை யாராவது சொன்னால் எண்ணெய் நண்பருக்குச் சொன்ன பதிலையே சொல்லுங்கள். அரிசித் தூசு பூஞ்சைக்குச் சாப்பாடு.

நூல் ஓரத்தில் மட்டும் இருந்தால் லென்ஸின் திறப்பை எஃப் 8க்கு மேல் மூடும்போது படத்தில் தெரியாது. விளக்கையோ ஜன்னலையோ எதிர்கொண்டு எடுத்தால்தான் சாம்பல் பூசியது போலாகும். அதற்கு லென்ஸ் ஹூட் வாங்குங்கள். பேயனெட் 1 அளவு, அதாவது பே 1. ரோலைகார்டு, மினோல்டா ஆட்டோகார்டு ஹூடும் இதில் உட்காரும். பூஞ்சை மேல் லென்ஸில் இருந்திருந்தால் கவலையே வேண்டாம், அது பார்ப்பதற்கு மட்டும்தான், ஃபிலிமுக்கு ஒன்றும் போகாது. மேலே பார்க்கும் கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று மேலே உள்ள பார்வை ஹூடைக் கழற்றி உள்ளே இருக்கும் சாய்ந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். அதில் பாதரசப் பூச்சு போல மினுங்குவது முன்பக்கமே பூசிய மெல்லிய உலோகம். ஊதுகுழலால் ஊதலாம், அதோடு சரி.

மீட்டருக்கு வருவோம். 1970 முதல் 1986 வரை இந்த மாடல் வந்தபோது பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச செல்லை நம்பியே மீட்டரைச் செய்தார்கள். அந்த செல் இப்போது இல்லை. 1.5 வோல்ட் போட்டால் முள் கூடுதலாக எகிறும். வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நினைக்கும், நெகட்டிவ் மெலிந்து வரும். வேலூரில் இதற்கு மருந்து மருந்துக்கடையிலேயே இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனை பக்கம் காதுகேட்கும் கருவிக்கு விற்கிற 675 நம்பர் துத்தநாகக் காற்று செல் கேளுங்கள். 1.4 வோல்ட், சாகும் வரை கிட்டத்தட்ட ஒரே அளவு கொடுக்கும். 625ஐவிட விட்டம் 4 மில்லிமீட்டர் குறைவு, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்துங்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஐந்து நிமிஷம் காற்று படவிட்டுப் பிறகு போடுங்கள். ஒன்றிரண்டு மாதம்தான் உயிர், ஆகவே கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதிது. செல் அறையில் பச்சை உப்பு பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

புதிய செல்லோடு மூன்று இடத்தில் ஆப்போடு ஒப்பிடுங்கள்: வெயில் பட்ட சுவர், திண்ணை நிழல், அறைக்குள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஏஎஸ்ஏ டயலை (ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை வைக்கும் டயல்) அந்த அளவு நகர்த்திவிட்டால் போதும். வெயிலில் அரை ஸ்டாப், அறையில் இரண்டு ஸ்டாப் என்று தள்ளாடினால் மீட்டரின் கண்ணுக்கே வயதாகிவிட்டது, ஆப்பையே நம்புங்கள். மீட்டர் இல்லையென்று இந்தக் கேமரா நிற்காது. நம் உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/125ல் எஃப் 11க்கும் 16க்கும் நடுவே, கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். 400 ஃபிலிம் என்றால் அதே வெயிலுக்கு 1/500ல் எஃப் 16, கேமராவின் உச்ச வேகத்துக்கே வந்துவிடுகிறீர்கள். மஞ்சள் ஃபில்டர் பற்றி ஒன்று. மீட்டரின் கண் லென்ஸுக்கு வெளியே, முன்பலகையில் இருக்கிறது. ஃபில்டர் போட்டது அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டாப் நீங்களே கொடுங்கள், 100 ஃபிலிமுக்கு டயலில் 50.

ரோல் போடுவதில்தான் புதியவர்கள் படத்தை இழக்கிறார்கள். கதவின் உள்ளே ஃபிலிமை அழுத்தும் தகடு 12 என்று காட்டும் நிலையில் இருக்க வேண்டும். 24 என்பது இருபத்துநாலு படம் வரும் நீளமான 220 ஃபிலிமுக்கு, உங்களுடையது 120. அங்கே விட்டுவிட்டால் பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகும் ஃபிலிமைச் சுற்றும் கிராங்க் சுற்றிக்கொண்டே போகும், நீங்கள் வெறும் காகிதத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். புது ரோல் கீழே, காலி ஸ்பூல் மேலே. காகிதத்தின் நாக்கை ஸ்பூலின் பள்ளத்தில் நேராகச் செருகி, கீழ் ரோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியபடியே சுற்றுங்கள். காகிதத்தின் அம்பு உள்ளே இருக்கும் 120 குறிக்கு நேராக வந்ததும் நிறுத்திக் கதவை மூடி, கிராங்க் தானாக நிற்கும் வரை சுற்றுங்கள், எண்ணிக்கை 1 வந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் கிராங்கை முன்பக்கமாக நிற்கும் வரை, பிறகு பின்பக்கமாக நிற்கும் வரை சுற்றுங்கள், இரண்டும் முழுதாக. முடிந்த ரோலை நிழலில் எடுத்து, நுனியை மடித்து இறுக்கமாக ஒட்டுங்கள். தளர்ந்தால் வெளிச்சம் புகுந்து இரண்டு ஓரத்திலும் புகை படிந்தது போலாகிவிடும். காலி ஸ்பூலைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த ரோலுக்கு அதுதான் மேல் ஸ்பூல்.

ஃப்ளாஷுக்குப் போகும் முன் எக்ஸ், எம் என்று இருக்கும் லீவரைப் பாருங்கள். எம் அந்தக் காலத்து பல்புக்கானது. அதில் விட்டால் எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் இதழ் திறக்கும் முன்பே மின்னி முடிந்துவிடும். மண்டபமே பளிச்சென்று ஆகும், நெகட்டிவில் மட்டும் ஒன்றும் பதியாது. எக்ஸில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கதவைத் திறந்து எஃப் 3.5ல் வெள்ளைச் சுவரைப் பார்த்து அடித்துச் சோதியுங்கள், லென்ஸுக்குள் முழு வட்டமும் வெளுப்பாகத் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் பத்தில் எட்டு முறை குற்றம் வயரின் முனையில். இதழ் ஷட்டர் என்பதால் எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். ஃப்ளாஷில் ஐஎஸ்ஓ 100க்கு, தூரத்தை மீட்டர் கணக்கில் வைத்து, 28 என்று எண் இருந்தால் 400 ஃபிலிமுக்கு 56. அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப்: மூன்றரை மீட்டரில் 16, ஐந்தில் 11, ஏழில் 8. அந்தப் பழைய ஃப்ளாஷை டிஜிட்டல் கேமராவின் தலையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். சில மாடல்கள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் திருப்பி அடிக்கும். யாஷிகா தாங்கும், அது தாங்காது.

மார்கழியிலேயே ஒரு சோதனை ரோல் ஓட்டுங்கள். கறுப்பு வெள்ளை, இல்ஃபோர்டு ஹெச்பி5 போதும். முதல் நான்கு படம் ஒரே சுவரை 1/30, 1/60, 1/125, 1/250ல், எஃப் மட்டும் ஈடுசெய்து. நான்கும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் நியாயமாக இருக்கிறது. அடுத்த இரண்டு தூரத்து மலைமுகடு, முழுத் திறப்பில். நம் பக்கத்துப் பாறை மலைகளைப் போல ஃபோகஸ் பார்க்கத் தோதான பொருள் கிடைக்காது, விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். இரண்டு படம் விளக்குக்கு எதிரே, மீதி ஃப்ளாஷில். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கழுவினால் ஒரு 120 ரோலுக்கு பேட்டர்சன் ஃபிலிம் கழுவும் தொட்டியில் 500 மில்லி வேண்டும். ஐடி-11 டெவலப்பர் கரைசல் 250, தண்ணீர் 250, 20 டிகிரியில் 13 நிமிஷம். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் 24 இருந்தால் 9 நிமிஷம். கோடையில் பனிக்கட்டி வைத்த பேசின் இல்லாமல் தொடங்காதீர்கள், நேரம் ஐந்து நிமிஷத்துக்குக் கீழே வந்தால் திட்டுத்திட்டாகக் கழுவும். கலர் ரோலுக்கு 38 டிகிரி வேண்டும், அதற்கு மட்டும் வேலூர் மே மாதம் உதவி செய்யும்.

கடைசியாக, அந்தச் சின்னப் பையில் இருக்கும் இரண்டு வட்டக் கண்ணாடிகள். அவை கிட்டத்தில் எடுப்பதற்கானவை. இந்தக் கேமரா ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, தாலித் தட்டை எடுக்க இவை வேண்டும். ஒவ்வொன்றின் வழியாகவும் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். எதில் கம்பி இடம் விலகித் தெரிகிறதோ அதில் பட்டகம் இருக்கிறது, அது மேல் லென்ஸுக்கு, விளிம்பில் உள்ள குறி மேலே நிற்க. இரண்டிலும் கம்பி விலகவில்லை என்றால் யாரோ ஜோடி மாற்றிவிட்டார்கள். அப்போது மேல் லென்ஸில் பார்த்து ஃபோகஸ் செய்து, ஸ்டாண்டின் நடுக்கம்பை ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு அழுத்துங்கள். இல்லாவிட்டால் தட்டின் மேல் ஓரம், தேங்காயோடு சேர்ந்து, வெட்டுப்பட்டுப் போகும்.