மதுரைக்கு வந்த விமானம் திருச்சியில் போய் இறங்கியது ஏன்? ரன்வேயை நீட்டினால் சரியாகிவிடுமா?

கேள்வி: நான் திருமங்கலம். தை மாதம் தங்கை நிச்சயதார்த்தத்துக்குச் சென்னையில் இருந்து காலை முதல் விமானத்தில் வந்தேன். மதுரைக்கு மேலேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டு திருச்சியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கார் பிடித்து வருவதற்குள் தாம்பூலம் மாற்றி முடிந்துவிட்டது. ‘மதுரை ரன்வே சின்னது, அதனால்தான்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா? ரன்வேயை நீட்டினால் இந்தத் தொல்லை தீருமா? வரும் கார்த்திகையில் கல்யாணம். சென்னையில் இருந்து இருபது பேருக்கு விமான டிக்கெட் போடலாமா?

பதில்: தங்கையின் நிச்சயதார்த்தத்தைத் தவறவிட்டது பெரிய வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு உங்களைத் திருச்சிக்கு அனுப்பியது ரன்வேயின் நீளம் இல்லை. தை மாத அதிகாலை என்கிறீர்கள், அரை மணி நேரம் சுற்றியது என்கிறீர்கள், அப்படியானால் அது அநேகமாக மூடுபனி. மதுரை ரன்வே 2,286 மீட்டர், அதாவது 7,500 அடி. சென்னையில் இருந்து வரும் ஏ320, 737 போன்ற ஜெட் விமானங்களுக்கு இது தாராளமாகப் போதும், காற்றாடி வைத்த சின்ன விமானமான ஏடிஆருக்குக் கேட்கவே வேண்டாம்.

எப்படிப் போதும் என்று சொல்கிறேன் என்றால், விமானம் கிளம்பும் முன்பே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். இறங்கும் இடத்தில் உள்ள ரன்வேயில் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட முடியும் என்று காட்டினால்தான் ஜெட் விமானம் புறப்படலாம். மதுரைக்கு அது சுமார் 1,370 மீட்டர். ரன்வே ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் இன்னும் 15 சதவீதம் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும், அப்போது 1,190 மீட்டருக்குள் நிற்க முடிய வேண்டும். மீதி அத்தனையும் காப்பு. ஆக, ரன்வே நீளம் பத்தாது என்றால் அது சென்னையிலேயே தெரிந்துவிடும், மதுரைக்கு மேலே வந்து வட்டமடித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை.

அப்புறம் ஏன் சுற்றியது? கீழே இறங்கும்போது ரன்வே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐஎல்எஸ் என்ற கருவி ரேடியோ அலையால் விமானத்தை ரன்வேயின் நடுக்கோட்டுக்கும் சரியான இறக்கத்துக்கும் கொண்டுவந்து விடும். நம் ஊர் விமான நிலையங்களில் வழக்கமாக இருக்கும் முதல் வகை ஐஎல்எஸ்ஸில், தரையில் இருந்து 200 அடி உயரம் வரைதான் கருவியை நம்பி வரலாம். அங்கே விளக்கோ ரன்வேயோ தெரியவில்லை என்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும், ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ரன்வேயில் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டராவது இருக்க வேண்டும். பெரிய தூரம் மாதிரித் தெரியும், ஆனால் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் வருகிற விமானம் அதை எட்டு நொடிக்குள் கடந்துவிடும். அந்த எட்டு நொடிதான் விமானிக்குக் கிடைக்கும் அவகாசம்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்த நாட்களில் இதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு ரன்வே விளக்கு கடைசி வரை வரிசையாகத் தெரியும். ஆறு மணிக்குப் பக்கத்து வயலில் இருந்து புகை மாதிரி ஒன்று தரையோடு ஊர்ந்து வரும். ஆறேகாலுக்கு விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது போல மறையும், நமக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து மட்டும் மங்கலாக மஞ்சளாக நிற்கும். மேலே நல்ல வெயிலில் விமானம் சுற்றிக்கொண்டிருக்கும், ‘பனி எப்போது விலகும்’ என்று விமானி கேட்பார், நாங்கள் அளந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். ஜன்னல் வழியே பார்க்கிற பயணிக்குக் கீழே ஊர் தெளிவாகத் தெரியும், இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் இறக்கவில்லை என்று கோபம் வரும். நேர் கீழே பார்த்தால் பனி மெல்லிய துணி மாதிரிதான். ரன்வேயை நோக்கிச் சாய்வாக வரும்போது அதே பனியை நீளவாக்கில் ஊடுருவிப் பார்க்க வேண்டும், அப்போது அது சுவர்.

அரை மணி நேரம் சுற்றியதற்கும் கணக்கு இருக்கிறது. விமானத்தில் ஏற்றும் எரிபொருளில் போகிற ஊருக்கு ஒரு பங்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்குப் போக ஒரு பங்கு, அதற்கு மேல் 30 நிமிடம் பறக்கக் கடைசிக் கையிருப்பு. இந்தக் கடைசிப் பங்கில் கை வைக்கிற நிலைமை வந்தால் அவசரநிலை அறிவிக்க வேண்டும். கூடுதலாகக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் அந்தக் கொஞ்சத்தைத்தான் சுற்றிச் செலவழிப்பார்கள். அது தீர்ந்ததும் திருச்சியோ, திருவனந்தபுரமோ, கோவையோ, திரும்பச் சென்னையோ, எங்கே வானம் தெளிவாக இருக்கிறதோ அங்கே போவார்கள். நேரத்தைச் சமாளித்திருக்கலாமே என்று தோன்றும், அது விமானி பொறுமை இழந்து எடுக்கிற முடிவு இல்லை.

நீளமான ரன்வே இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கோழிக்கோடு சாட்சி. அங்கே ரன்வே 2,860 மீட்டர், மதுரையை விட அரை கிலோமீட்டருக்கும் மேல் அதிகம். 2020 ஆகஸ்ட் 7 இரவு மழையிலும் பின்காற்றிலும் துபாயில் இருந்து வந்த 737 முதல் முயற்சியைக் கைவிட்டு, இரண்டாவது முயற்சியில் ரன்வேயின் தொடக்கத்தில் இருந்து சுமார் 1,350 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொட்டது. கிட்டத்தட்டப் பாதி ரன்வே பின்னால் போய்விட்டது. மேட்டின் மேல் அமைந்த அந்த ரன்வேயைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். துணை விமானி மேலே ஏறச் சொல்லியும் இறக்கியதை விசாரணை அறிக்கை முக்கியக் காரணமாகச் சொன்னது. அதைப் படித்தவர்கள் யாரும் திருச்சியில் இறக்கிவிட்டதற்காக விமானியைத் திட்டமாட்டார்கள். உங்களை மாற்று ஊரில் இறக்கிய அந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, அப்படியானால் மதுரை ரன்வேயை எதற்கு நீட்டக் கேட்கிறார்கள்? நீளத்தின் பெரும் பயன் இறங்குவதில் இல்லை, ஏறுவதில். மே மாத மதியம் 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதை விட சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், இன்ஜினுக்கும் வலு குறையும், ஆகவே ஓட வேண்டிய தூரம் கூடும். ரன்வே குறைவாக இருந்தால் எடையைக் குறைப்பதுதான் வழி: சரக்கை இறக்கு, இல்லை இருக்கையைக் காலியாக விடு. 737, ஏ320 போன்றவை வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக இப்போதைய நீளமே போதும். அகலமான பெரிய விமானம் பயணியும் சரக்குமாக நிறைத்துக்கொண்டு தொலைதூரம் போக வேண்டுமானால்தான் 12,500 அடி, அதாவது சுமார் 3,800 மீட்டர் என்ற திட்டம் கைகொடுக்கும். அந்த நீட்சிக்குக் குறுக்கே சுற்றுச்சாலை போகிறது, அதனால் மேலே ரன்வே, கீழே சாலை என்று சுரங்கப்பாதை பற்றிய பேச்சும் பல வருடமாக நடக்கிறது. இன்னொரு பக்கம் ‘சின்ன உடைப்பு’ போன்ற ஊர்களின் நிலமும் வீடும் இதில் போகிறது. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் மாற்று இடம் தராமல் வெளியேற மாட்டோம் என்று போராடியதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு உரியதை முதலில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், நீட்டுகிற வேலை நடக்கும் மாதங்களில் டைவர்ஷன், அதாவது இப்படி வேறு ஊருக்குத் திருப்பிவிடுவது, கூடத்தான் வாய்ப்பு. ஐஎல்எஸ்ஸின் ஒரு ஆண்டெனா ரன்வேயின் முனைக்கு அப்பால் நிற்கிறது, முனை நகர்ந்தால் அதையும் பிடுங்கி நட்டு, அளவுபார்க்கும் விமானம் வந்து பறந்து சோதித்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த முடியும். அதுவரை 200 அடி வரை இறங்கிப் பார்க்க முடியாது, அதற்கு வெகு மேலேயே ரன்வே தெரிந்தாக வேண்டும், தாழ்ந்த மேகம் வந்தாலே திரும்ப வேண்டியதுதான்.

டைவர்ஷன் குறைய வேண்டுமா, அதற்குக் கேட்க வேண்டியவை வேறு. ரன்வேயின் இரண்டு முனைக்கும் ஐஎல்எஸ், ரன்வேக்கு வழிகாட்டும் முழு நீள அணுகு விளக்கு வரிசை, ரன்வேயோடு ஒட்டி நீளமாக ஒரு டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகும் பாதை. கடைசியாகச் சொன்னது இல்லாததை நீங்களே பார்த்திருக்கலாம்: மதுரையில் இறங்கிய விமானம் ரன்வேயிலேயே வளைந்து திரும்பி வந்த பிறகுதான் நிறுத்துமிடத்துக்குள் போகும். அந்த நிமிடங்களில் இன்னொன்று இறங்க முடியாது. கிட்டத்தட்டத் தரை வரை கருவியை நம்பி இறங்க விடும் மூன்றாம் வகை ஐஎல்எஸ், பெங்களூருவின் தெற்கு ரன்வேயில் உள்ளது போல, இருந்தால் அன்றைக்கு நீங்கள் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வருடத்தில் சில காலைகளுக்காக அவ்வளவு செலவு மதுரைக்கு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வளர்ச்சியைப் பொறுத்தவரை ரன்வேயை மட்டும் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. வெளிநாட்டு நிறுவனம் மதுரைக்கு வர வேண்டுமானால் அந்த நாட்டோடு இந்தியா போட்ட விமான ஒப்பந்தத்தில் மதுரையின் பெயர் இருக்க வேண்டும். மதுரையின் வணிக அமைப்புகள் வருடக்கணக்காகக் கேட்பது இதைத்தான். இது ஒரு சென்ட் நிலமும் கேட்காத, காகிதத்தில் நடக்கிற வேலை.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை, மூடுபனியை விட மழைதான் தொல்லை. முகூர்த்தத்தன்று காலை விமானத்தில் யாரையும் வரவைக்காதீர்கள். முந்தின நாள் முற்பகலில் மதுரையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள், கடைசி விமானம் வேண்டாம், ஏனென்றால் அது திரும்பினால் விமானிகளின் பணி நேரமும் முடிந்திருக்கும், மறுபடி அன்றைக்கே கிளம்பாது. இருபது பேரையும் ஒரே விமானத்தில் போடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும், தாலி, பட்டுச்சேலை வைத்திருப்பவர்களும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்துவிடட்டும். விமானத்தில் வருகிறவர்கள் மாத்திரையையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும், திருப்பிவிட்டால் பெரிய பெட்டி கைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வானிலையால் தாமதமானதற்கு இழப்பீடு கேட்க, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதியில் இடமில்லை, ஆனால் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு, அதனால் மாற்று ஊரில் ‘நானே போய்க்கொள்கிறேன்’ என்று சொல்லும் முன் பேருந்து ஏற்பாடா, அதே விமானமா, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். திருச்சி என்றால் மதுரைக்குச் சாலையில் இரண்டரை மணி நேரம்தான். திருவனந்தபுரம் என்றால் விமானத்திலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.