உயரம் கூட்டும் மூலிகைப் பொடி: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கு, "90 நாளில் 3 அங்குலம், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் மூலிகைப் பொடி வாங்கினேன். மூன்று மாத கோர்ஸ் 9,600 ரூபாய். உயரம் கூடவே இல்லை. பத்தியம் சரியாக இருக்கவில்லை என்று சொல்லிப் பணம் தர மறுக்கிறார்கள். கம்பெனி டெல்லியில் இருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகர், நாமக்கல்

பதில்: பத்தியத்தைப் பற்றி அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்ததே தவறு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் 'மனிதரின் உயரம்' இருக்கிறது. மருந்தால் உயரத்தைக் கூட்டலாம் என்று விளம்பரம் செய்தால், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆயுர்வேத மருந்து உரிமம் போட்டிருந்தால் மேலே சொன்ன சட்டம் பொருந்தும். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் 14 இலக்க எண் இருந்தால் அது உணவுப் பொருள். "இது மருந்தே இல்லை" என்று நழுவப் பார்ப்பார்கள். அதற்கும் வழி உண்டு: தவறான உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரி, உங்கள் பணம்? முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், டெல்லிக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். விளம்பரம், பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடுவார்கள்.

வழக்கை விடப் பையன் முக்கியம். பொடியை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால், எந்தப் பொடியாலும் எலும்பை நீட்ட முடியாது. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிடும். சில மூலிகைப் பொடிகளில் ஈயமும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததுண்டு. ஸ்டீராய்டு வளர்ச்சியையே தடுக்கக்கூடியது. அதனால் மீதிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்திடம் கேட்கும்போது அது தேவைப்படும்.