மாடிக் கட்டடத்துக்கு மரப் பலகைப் போர்வை: தீப்பாதுகாப்புக் கேள்வி பதில்

ஐயா, உப்புவெளியில் ஆறு மாடி விடுதி கட்டுகிறோம். வெளிச்சுவர் முழுக்க முதிரைப் பலகை அடிக்கலாமா? வைர மரத்தில் தீ பிடிக்காது என்கிறார்களே?

பிடிக்கும், பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அடர்ந்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் ஆழமே கரியாகும் என்ற கணக்கு பருமனான தூணுக்கும் விட்டத்துக்கும் உதவும். மெல்லிய பலகைப் போர்வையில் நாம் பார்க்க வேண்டியது, சுவாலை எவ்வளவு விரைவாக மேல்மாடிக்கு ஏறுகிறது என்பதையே.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்கிறார் கட்டடக் கலைஞர். அது ஆபத்தில்லையா?

மாரி மழையில் நனைந்த பலகை காய்வதற்கு அந்த இடைவெளி தேவை. ஆனால் தீ உள்ளே புகுந்தால் அதுவே புகைபோக்கியாகிவிடும்; ஒடுங்கிய இடைவெளிக்குள் சுவாலை வெளியில் எரிவதைவிட 5 முதல் 10 மடங்கு வரை நீளக்கூடும். இதனால் ஒவ்வொரு மாடித் தளத்துக்கு நேராகவும், யன்னல் கதவுகளைச் சுற்றியும் தீத்தடுப்புப் பட்டி வைக்க வேண்டும். சாதாரண நேரத்தில் காற்றை விட்டு, வெப்பம் பட்டதும் பருத்து வழியை அடைக்கும் பட்டிகள் இதற்கென்றே இருக்கின்றன. பலகையைத் தாங்க நிலைக்குத்தாக அடிக்கும் றீப்பைகள் (மெல்லிய மரச் சட்டங்கள்) அடியிலிருந்து கூரைவரை தொடர்ந்து ஓடினால், பட்டி வைக்க இடமே இராது. தளத்துக்குத் தளம் அவற்றை நிறுத்தி அடிக்கச் சொல்லுங்கள். பலகை மூடிய பிறகு உள்ளே பட்டி இருக்கிறதா என்று எவராலும் பார்க்க முடியாது என்பதால், மூடுமுன் மாடிவாரியாகப் படமெடுத்து வைப்பது நல்லது.

லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரிந்தது மரமல்லவே?

உண்மை. 2017 ஜூனில் 72 உயிர்களைப் பறித்த அத்தீ முக்கியமாகப் பரவியது, பொலியெதிலீன் என்ற பிளாஸ்திக்கை நடுவே வைத்த அலுமினியத் தகடுகளால். ஆயினும் 2018 இறுதியில் இங்கிலாந்து கொண்டுவந்த தடை, 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களை விலக்கியதால், மரப் போர்வையும் அதில் அடங்கியது. 2019 இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற ஊரில் மர பல்கனிகள் வழியே தீ மாடி மாடியாக ஏறியதையும் மறக்கக் கூடாது.

தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பலகை வாங்கினால்?

அழுத்தமூட்டி உள்ளே ஏற்றியதா, மேலே பூசியதா என்று முதலில் கேளுங்கள். இம்மருந்துகளில் பல நீரில் கரையும் உப்புகள். ஐப்பசி முதல் தை வரை மழை அடிக்கும் நம் ஊரில் அவை சிறிது சிறிதாகக் கழுவப்படும், அதன்பின் வரும் கச்சான் காற்றோ பலகையை முறுகக் காயவைக்கும். வெளிப்புறப் பாவனைக்கென மழையில் நனைத்துச் சோதித்த சான்றிதழ் இல்லாத பலகையை நான் ஏற்கமாட்டேன். பூச்சு என்றால் உரிய காலத்தில் மீண்டும் பூச வேண்டும்.

பலகைக்குப் பின்னால் வெப்பத்தைத் தடுக்க றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்திக்) வைக்கலாமா?

கூடாது, அது எரியும். எரியாத பாறைக்கம்பளி வையுங்கள்.

உள்ளே தண்ணீர் தெளிப்பான் இருக்கிறதே, போதாதா?

அது அறைக்குள் பிடிக்கும் தீக்கு. வெளிச்சுவரின் முகத்தை அது நனைக்காது. ஆட்கள் உறங்கும் ஆறு மாடி விடுதி என்பதால், மேல்மாடிகளுக்கு மரத்தில் உள்ளது போன்ற கோடுகள் கொண்ட சீமெந்து நார்ப் பலகையையே சொல்வேன். மரம் வேண்டுமென்றால் வரவேற்பு மண்டபத்தின் முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கும் காஸ் சிலிண்டர், மின்பிறப்பாக்கி, குப்பைத்தொட்டி எவையும் அச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.